இல்லாததைக் காட்டிய மதினி

ரேஷன் அரிசியில் கல் கிடக்கும். எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோய் முறத்தில் பரப்பிப் பொறுக்குவோம். மதினி மட்டும் முறத்தைக் கடைக்கே எடுத்துக்கொண்டு வருவார். அரிசியை வாங்கியதும் கடை வாசற்படியில் உட்கார்ந்து அங்கேயே பொறுக்க ஆரம்பிப்பார். பொறுக்கிய கல்லைத் தூர எறிய மாட்டார். தராசுக்குப் பக்கத்தில் குவித்து வைப்பார். வரிசையில் நிற்பவர்கள் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டேதான் அரிசி வாங்க வேண்டும்.

கடைக்காரருக்கு எரியும். "பௌதி, இதை வீட்டுக்குப் போய்ச் செய்யக் கூடாதா?" என்று வங்காளியில் கேட்பார்.

"வீட்டுல வெச்சுப் பொறுக்கினா கல்லு என் வீட்டுக் கல்லு ஆயிடும். இது உம்ம கல்லு. இங்கனயே கெடக்கட்டும்," என்று மதினி தமிழில் சொல்வார். மதினிக்கு வங்காளி நன்றாகவே பேச வரும். ஆனால் கோபம் வந்துவிட்டால் தமிழ் மட்டும்தான் வரும்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்துச் சந்தில் மதினியின் வீடு. அவர் கணவர் கப்பல் கட்டும் யார்டில் பெயிண்டர். என் வீட்டுக்காரர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் எனக்கு இவர் மதினி. வங்காளிகளுக்கு, அதே அர்த்தத்தில், பௌதி. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரியும். ஒல்லியான உடம்பு. நடக்கும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார், யாரையோ சண்டைக்குத் தேடிப் போகிற மாதிரி.

புடவையில் கிழிசல் இருந்தால் நாங்கள் அது கொசுவத்துக்குள் போகும்படி திருப்பிக் கட்டுவோம். மதினி அதைப் பற்றி யோசிக்கவே மாட்டார். கிழிசல் தோளில் வந்தால் தோளில் இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும், "பால் இல்ல. கடுங்காப்பிதான். குடிக்கியளா?" என்று கேட்டுவிடுவார். பால் இல்லை என்று தெரியக் கூடாதென்று பின்வாசல் வழியாகக் குழந்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்பி ஒரு தம்ளர் வாங்கி வரச் சொல்கிற எங்களுக்கு, இது பார்க்கவே கூசும்.

ஒருமுறை என் நாத்தனாரைப் பெண் பார்க்க ஜாதவ்பூரிலிருந்து வந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிதான். நாலு வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டோம். ஜன்னல் திரை எதிர்வீட்டிலிருந்து வந்தது. வெள்ளித் தட்டு இன்னொரு வீட்டிலிருந்து. மாப்பிள்ளையின் அப்பா உட்காரப் போனார். சமையலறை வாசலில் நின்ற மதினி, "அண்ணாச்சி, அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். பாத்து உக்காருங்க. எங்க வீட்டுதுதான், எனக்குத் தெரியும்," என்றார்.

அவர் பாதியில் நிமிர்ந்துவிட்டார். மதினி அதோடு விட்டாரா? "எல்லாம் இரவல்தான். பொண்ணு மட்டும் இந்த வீட்டுது. அவளப் பாத்துட்டுப் போங்க," என்றார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். என் மாமியார் சிரிக்கவில்லை. அந்த இடம் ஜாதகம் பொருந்தாமல்தான் தட்டிப்போயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் மதினியால் போயிற்று என்றுதான் முடிவாயிற்று.

எனக்கு யாரையும் முகத்துக்கு நேரே கோபிக்கத் தெரியாது. மதினி வருவது தெரிந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "கோவமா இருக்கியாட்டி? சரி, இரு. இருந்து முடிச்சுட்டுச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போவார். இப்படிப் பல மாதம் போயிற்று. என் சின்ன மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன்.

எங்கள் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. சர்க்கார் மானியத்தில் நடந்தது. பிள்ளைகள் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. ரயில்வே பிள்ளைகளும் யார்டு பிள்ளைகளும் படித்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் கூலி லைனிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாம் வகுப்பு வாத்தியார் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு சர்க்கார் வேறு ஆள் போடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நான்காம் வகுப்பு அறையின் பின்பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கூரை தகரம். மழைக்காலத்தில் ஒழுகும். பிள்ளைகள் சிலேட்டைத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். எழுதியது அழிந்துபோய் வீட்டுக்கு வரும்.

மதினியின் ஒரே மகன் அந்தப் பள்ளியில் படித்து முடித்து, ஹவுராவில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்கும் போயாயிற்று. இருந்தாலும் தினம் காலையில் மதினி கூலி லைனுக்குள் போய், வராத பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார். அதில் செல்லி என்று ஒரு பெண். என் மகளோடு படித்தவள். வாய்க்கணக்கில் வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் சொல்வாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவள் அம்மா அடிக்கடி நிறுத்திவிடுவாள். மதினி தம்பியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்.

"உங்க பிள்ளதான் படிச்சு முடிச்சிட்டானே மதினி. உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் பிள்ள எறங்கிட்டான்னு டிராம நிறுத்திருவாங்களாட்டி?" என்றார்.

பள்ளிக்கூடக் கமிட்டியின் செக்ரட்டரி எங்கள் எதிர்வீடு. ரயில்வே ஆபீசில் சூப்பரிண்டெண்டென்ட். திருச்சிக்காரர். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் பள்ளிக்கூடத்துக்காக அலைந்தார். கூரைக்கு என்று வீடு வீடாக வந்து நன்கொடை கேட்டார். எல்லோரும் முடிந்ததைக் கொடுத்தோம். மதினி கொடுக்கவில்லை.

"இல்லாதவங்களே கொடுத்திருக்காங்கம்மா," என்றார் செக்ரட்டரி.

"தெரியும். அதான் தர மாட்டேங்கேன். இன்னிக்கு நீங்க கூரை போடுவிய. நாளைக்கு வாத்தியாருக்குச் சம்பளம் போடுவிய. சர்க்கார் பாத்துக்கிட்டே இருப்பான். நல்லதாப் போச்சுன்னு கைய மடக்கிக்குவான்."

"அவன் தர்றவரைக்கும் புள்ளைங்க நனையறதா?"

"நனையற அன்னிக்கு அவனக் கூட்டியாந்து காட்டணும்."

செக்ரட்டரி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா, ஓட்டை இலையாத் தேடி எடுத்து எல்லாருக்கும் காட்டும் இந்த அம்மா," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். "ஆமா. இலைய மாத்திப் போடுவாவல்ல?" என்றார்.

அந்த வருஷம் தை மாதம் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. வாத்தியார் போடலாமா, கூரைக்குப் பணம் கொடுக்கலாமா என்று பார்த்துவிட்டு எழுதப் போகிறவர் அவர்தான். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

எங்கள் ஆட்களுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் ஒன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தமிழ்ச் சங்கக் கூடத்திலிருந்து பெஞ்சுகள் வந்தன. சுவர்க் கடிகாரம், உலக உருண்டை, மேசைக்கு விரிப்பு எல்லாம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தன. குளிர்காலம் ஆகையால் ஸ்வெட்டர் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கடன் வாங்கினோம். செல்லிக்கு செக்ரட்டரி பேத்தியின் சிவப்பு ஸ்வெட்டர். நாங்கள் பெண்கள் ஆறு பேர் கேசரியும் வடையும் செய்தோம். உளுந்து அரைத்தது நான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மூன்றாம் வகுப்புக்கு வாத்தியார் இல்லை என்பது தெரியக் கூடாதென்று, ஜாதவ்பூரில் காலேஜில் படிக்கிற தன் தங்கை மகளை செக்ரட்டரி வரவழைத்தார். அவள் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி, கையில் சாக்கட்டியோடு மூன்றாம் வகுப்புக்கு முன்னால் நின்றாள்.

முந்தின நாள் சாயங்காலமே மதினி வந்து பார்த்துவிட்டார்.

"யாரையும் பொண்ணு பாக்க வாராவளா?" என்று கேட்டார்.

"மானம்னு ஒண்ணு இருக்கில்லம்மா," என்றார் செக்ரட்டரி. "ஏற்கெனவே மதராஸின்னா இளக்காரம். கை ஏந்தி நிக்கறோம்னு நினைக்கக் கூடாது. அதோட, வாத்தியாரே இல்லாம பள்ளிக்கூடம் நடத்தறோம்னு தெரிஞ்சா இழுத்து மூடச் சொல்லிடுவான்."

"கை ஏந்துதமா? தீப்பெட்டி வாங்கினா வரி கொடுக்கோம். சீமெண்ணெய்க்கு வரி கொடுக்கோம். செல்லி அப்பன் பீடிக்கு வரி கொடுக்கான். நம்ம காசுதானே அது? வாத்தியார் வேணும்னு கேக்கப் போற அன்னிக்கு, வாத்தியார நிக்க வெச்சுக் காட்டுவியளா?"

"உங்களுக்குப் புரியாதும்மா."

"எனக்குப் புரியலன்னா விளங்கச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர், "மதினி, நாளைக்கு ஒரு நாள் வீட்டுல இருங்க," என்றார். மதினி என்னைப் பார்த்தார். நான் உளுந்து மாவு ஒட்டிய கையோடு நின்றிருந்தேன். "நல்லா அரைச்சிருக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். வேட்டியும் சால்வையுமாக மரியாதையான ஆள். உலக உருண்டையைச் சுற்றிப் பார்த்தார். செல்லியிடம் ஒரு கணக்குக் கேட்டார். செல்லி டக்கென்று சொன்னாள். "கூப் பாலோ," என்று அவள் கன்னத்தைத் தட்டினார். ரொம்ப நன்று என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்து, எங்கே படித்தாய் என்று விசாரித்தார்.

அப்போது மதினி வந்தார். வாசலில் நின்று, நிதானமாக, அண்ணன் என்று முறைவைத்து மரியாதையாக, வங்காளியில் பேசினார். "தாதா, இந்த பெஞ்செல்லாம் சங்கத்துடையது. சாயங்காலம் திரும்பிப் போய்விடும். இந்தப் பெண் இங்கே டீச்சர் இல்லை. மூன்றாம் வகுப்புக்கு ஆளே கிடையாது. மழை பெய்யும்போது ஒருநாள் வந்து பாருங்கள்."

இன்ஸ்பெக்டர் செக்ரட்டரியைப் பார்த்தார். அந்த நிமிஷம் நிஜம் வெளியே வந்திருக்கும். அவருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. செக்ரட்டரிக்கு வியர்த்துவிட்டது. "ஒன்றுமில்லை சார். தன் மகனுக்கு இங்கே பியூன் வேலை கேட்டார்கள். கமிட்டியால் கொடுக்க முடியவில்லை. அந்த வருத்தம்," என்றார்.

மதினிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அதோடு வங்காளி போய்விட்டது. "யாருட்ட கேட்டேன் பியூன் வேல? எந்த நாக்குவே இது? என் மகன் உம்ம வாசலுக்கு வந்தானா?" என்று தமிழில் கத்த ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஒரு பெண்பிள்ளை கத்துகிறாள் என்று மட்டும் தெரிந்தது. "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். செக்ரட்டரி வருத்தமாகத் தலையை ஆட்டி, "அதேதான் சார்," என்றார். பள்ளியின் தலைமை வாத்தியார் உலக உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மதினியைக் கும்பிட்டு, "பௌதி, கோபப்படாதீர்கள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கேசரி சாப்பிட்டார். போகும்போது, "மற்ற பள்ளிகளில் போனவுடன் அது இல்லை இது இல்லை என்று அழுவார்கள். நீங்கள் உங்கள் காலில் நிற்கிறீர்கள். இப்படி இருக்க வேண்டும்," என்றார். கமிட்டிக்காரர்கள் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

மழைக்கு முன்னால் பதில் வந்தது. எங்கள் பள்ளியில் வசதி போதுமானதாக இருப்பதால், இந்தத் தடவை வேறு பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்களாம். வாத்தியாரும் கிடையாது, கூரையும் கிடையாது. செக்ரட்டரிக்கு அது விளங்கவே இல்லை. "எவ்வளவு நல்லா கவனிச்சு அனுப்பினோம்," என்று என் வீட்டுக்காரரிடம் ஆற்றாமையாகச் சொன்னார். எனக்கு உள்ளே கொதித்தது. ஆனால் யாரிடம் சொல்வது? அடுப்பைத்தான் ஊதினேன்.

கமிட்டி தானே ஒரு வாத்தியாரை வைத்தது. அவருக்குக் கொடுக்கப் பிள்ளைகளிடம் மாதச் சம்பளம் வசூலித்தது. எங்களால் சிரமப்பட்டுக் கட்ட முடிந்தது. கூலி லைன் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளியிலிருந்து நின்றார்கள். செல்லி இரண்டு மாதம் வந்தாள். அப்புறம் விட்டு விட்டு வந்தாள்.

மதினி வீடு வீடாக வந்தார். "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் கல்வி ஆபீசுக்குப் போறேன். இருக்கிறபடி அனுப்புங்க. நனைஞ்சா நனையட்டும்," என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம்.

மறுநாள் காலையில் நல்ல மழை. நானும் துணைக்குப் போனேன். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொன்றும் தலை வாரி, ரிப்பன் கட்டி, பவுடர் பூசி, தீபாவளிச் சட்டையும் பட்டுப் பாவாடையுமாக, குடைக்குள் நின்றது. செல்லியின் அம்மாகூட எங்கேயோ ஒரு பூப்போட்ட கவுன் கேட்டு வாங்கிப் போட்டு அனுப்பியிருந்தாள். நானும் என் மகளுக்கு இருப்பதில் நல்லதைத்தான் கட்டியிருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். அவ்வளவு பெரிய ஆபீசுக்குப் பெண்ணை எப்படி அழுக்குப் பாவாடையோடு அனுப்புவது?

மதினி எல்லோரையும் மேலும் கீழும் பார்த்தார். "என்னட்டி இது," என்று மெதுவாகக் கேட்டார். பிறகு பிள்ளைகளை எண்ணிக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கிதிர்ப்பூர் வரை பஸ், அங்கிருந்து டிராம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆபீசர் வெளியே வந்தார். மதினி இந்த முறை குரலை உயர்த்தவில்லை. ஒரு வார்த்தைகூடத் தமிழ் கலக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வராந்தாவில் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "எவ்வளவு லட்சணமான குழந்தைகள். இவர்களால் மாதச் சம்பளம் கட்ட முடியாது என்று நான் எழுதினால் யார் நம்புவார்கள், பௌதி?" என்றார். ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தனுப்பினார்.

திரும்பும்போது டிராமில் நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, "அவரும் நல்ல மனுஷன்தான் மதினி," என்றேன்.

"எல்லாரும் நல்லவங்கதான்ட்டி. எவன் கழுத்தப் பிடிக்க நான்?" என்றார்.

துர்கா பூஜைக்கு முன்னால் செல்லி நின்றேவிட்டாள். கொஞ்ச நாளில் செக்ரட்டரி வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தாள். செக்ரட்டரியின் மனைவி நல்லவிதமாகத்தான் வைத்திருந்தாள். இட்லி கொடுப்பாள், தம்பிக்குப் பழைய சட்டை கொடுப்பாள். பின்பக்கக் குழாயடியில் செல்லி வேலை செய்வது, அந்த வீட்டை ஒட்டிய சந்து வழியாக எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும்.

ஒருநாள் காலை, பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். மதினி அந்தச் சந்து வழியாக வந்தவர் குழாயடியில் செல்லியைப் பார்த்துவிட்டார். நேரே போய், கரிபிடித்த பாத்திரங்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து ரோட்டோரமாக வைத்தார். திரும்பிப் போய் மிச்சத்தையும் எடுத்து வந்தார். வாளித் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார். செல்லி சாம்பல் கையோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இங்கன இருந்து தேய்ட்டி," என்றார் மதினி. "பின்னால போகாத. ரோட்டுல போறவன் பாக்கட்டும்."

பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். என் மகளும் அதில் இருந்தாள். நின்று பார்த்தார்கள்.

செக்ரட்டரியின் மனைவி வெளியே வந்து, "என்னக்கா இது? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள்.

"நினைக்கட்டும்னுதான் வெச்சிருக்கேன்," என்றார் மதினி.

இரண்டு பேரும் செல்லியைப் பார்த்தார்கள். செல்லி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பையோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பெரிய பாத்திரத்துக்குள் சின்னதை அடுக்கி, எல்லாவற்றையும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். மதினி தடுக்கவில்லை. வாளி மட்டும் ரோட்டில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மதினியே அதைத் தூக்கிக்கொண்டுபோய், குழாயடியில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.